28 மி.மீ. உருவங்களுக்கு எந்த லென்ஸ்? வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு ஒரு மதிப்புரை

ஐந்தரை அடி உயரமுள்ள ஒரு மனிதனை 28 மி.மீ. உயரத்துக்குச் சுருக்கினால் அவன் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகிவிடுவான். மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள அவனுடைய கண் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். மேசையில் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான, நாமே வண்ணம் தீட்டும் இந்தச் சிறு உருவங்களைத் தயாரிப்பவர்கள் தலையையும் கைகளையும் சற்றுப் பெரிதாகவே வார்க்கிறார்கள் என்பதால், நம் மேசைக்கு வரும் பொம்மையின் கண் இதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கலாம். ஆனாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. அந்த இடத்துக்குள் வெள்ளை விழி, கருவிழி, மேல் இமையின் கோடு ஆகிய மூன்றையும் வைத்தாக வேண்டும். கொலுவில் வைக்கும் சிறிய செட் பொம்மைகளின் முகங்களைப் புதுப்பிப்பவர்களுக்கும் இதே பாடுதான். இளவயதில் கை பழகவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருப்போம். கை நன்றாகப் பழகி முடிக்கும் வயதில் கண் ஒத்துழைக்காமல் போகிறது.

அந்த வயதை எட்டியவர்கள் வாங்கக்கூடிய உருப்பெருக்கிகளில் நான் பயன்படுத்திப் பார்த்தவற்றையும், பிறர் மேசையில் உட்கார்ந்து பார்த்தவற்றையும் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மடங்கு எண்ணைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. லென்ஸை அணிந்தபின் முகத்துக்கும் பொம்மைக்கும் இடையே எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதை வைத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெள்ளெழுத்து நோயன்று. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற இறுகி, அருகிலுள்ள பொருளுக்கு ஏற்பத் தன் வளைவைக் கூட்டிக்கொள்ளும் திறனை இழந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளை முகத்துக்கு ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் பிடித்துப் பார்க்கும் பொருளை, தூரப் பவர் எதுவும் இல்லாத அறுபது வயதுக்காரர் கண்ணாடியின்றித் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், அது ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இதோடு கண்மணியும் சுருங்குகிறது; கண்ணின் லென்ஸ் மஞ்சளிக்கிறது. இருபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் எட்டுகிறது என்று கண் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்வார்கள். ஆகக் குறைகள் இரண்டு: குவிக்க முடியாமை ஒன்று, வெளிச்சம் போதாமை மற்றொன்று. முதலாவதற்கு லென்ஸ், இரண்டாவதற்கு விளக்கு. விளக்கு செய்ய வேண்டிய வேலையை லென்ஸிடம் எதிர்பார்த்து, ஒன்றைவிட ஒன்று வலிமையான லென்ஸாக வாங்கிக் குவித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

மடங்கு எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனையில் நடக்கும் குழப்பத்தில் பாதி அதனால் வருவது. லென்ஸின் பவரை டயாப்டரில் அளக்கிறார்கள். ஒரு மீட்டரை டயாப்டர் எண்ணால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும்: +2 என்றால் 50 செ.மீ., +3 என்றால் 33 செ.மீ., +4 என்றால் 25 செ.மீ. தலையில் மாட்டும் உருப்பெருக்கிகளையும் விளக்கோடு கூடிய மேசை உருப்பெருக்கிகளையும் விற்பவர்கள் பெரும்பாலும் டயாப்டரை 4ஆல் வகுத்து, அதனோடு 1ஐக் கூட்டி, கிடைப்பதை மடங்கு என்று போடுகிறார்கள். +4 லென்ஸ் இந்தக் கணக்கில் 2 மடங்கு ஆகிறது. கூட்டப்படும் அந்த 1, பார்ப்பவரின் கண்ணும் தன் பங்குக்கு 25 செ.மீ. வரை குவித்துக் கொடுக்கும் என்ற அனுமானத்தில் வருவது. நம்முடைய கண் செய்ய மறுப்பதே அந்த ஒரு வேலையைத்தான். எனவே அறுபது வயதுக்காரருக்கு அந்த ‘2 மடங்கு’ லென்ஸ் காட்டுவது, இளைஞன் ஒருவன் பொம்மையை 25 செ.மீ. தூரத்தில் வைத்து வெறுங்கண்ணால் பார்க்கும் அளவைத்தான். ஏமாற்றமாகத் தோன்றினாலும், நமக்கு வேண்டியதும் பெரும்பாலும் அவ்வளவே. இருபத்தைந்து வயதில் எந்த லென்ஸும் இல்லாமல் புருவத்தைத் தீட்டியவர்களுக்கு, அந்தப் பார்வை திரும்பக் கிடைத்தாலே பெரிய காரியம்.

இதே கணக்கில் ஒரு சிறு நன்மையும் ஒளிந்திருக்கிறது. மைனஸ் 3 அல்லது மைனஸ் 4 பவர் உள்ள கிட்டப்பார்வைக்காரர்கள் தங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாலே 33 அல்லது 25 செ.மீ. தூரத்தில் பொம்மை தெளிவாகத் தெரிந்துவிடும். இரு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே பவர் இருந்து, உருளைப் பவரும் (சிலிண்டர் என்று கண்ணாடிச் சீட்டில் எழுதுவது) அதிகம் இல்லாதவர்கள், எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாலைப் பொழுது கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் சோடா புட்டி என்று கேலி கேட்டவர்களுக்குக் காலம் தாழ்ந்து கிடைக்கும் ஈடு இது.

மற்றவர்கள் முதல் செலவைக் கண் பரிசோதனைக்கும் அதன்பின் ஒரு நல்ல மூக்குக்கண்ணாடிக்கும் ஒதுக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் படிக்கும் கண்ணாடி என்று பொதுவாகக் கேட்டால், புத்தகத்தைப் பிடிக்கும் 40 செ.மீ. தூரத்தை மனத்தில் வைத்தே பவர் தருவார்கள். வண்ணம் தீட்டும்போது நாம் முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பொம்மையை முகத்தருகே கொண்டுவருகிறோம். அந்தத் தூரம் பலருக்கு 28 முதல் 33 செ.மீ. வரை இருக்கும். வீட்டில் ஒருவரை டேப்பால் அளக்கச் சொல்லி, அந்த எண்ணைக் கண் பரிசோதகரிடம் கொடுத்து, அந்தத் தூரத்துக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடி எழுதித் தரும்படி கேட்பதே சரியான வழி. தூரப் பவர் எதுவும் இல்லாதவருக்கு 33 செ.மீ. தூரத்துக்கு +3 வரை வரும். புரோகிரெசிவ் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது. அதில் அருகே பார்க்கும் பகுதி கீழே குறுகலாக இருப்பதால் தாடையைத் தூக்கிக்கொண்டே வேலை செய்ய நேரும், ஒரு மணி நேரத்தில் பிடரி பிடித்துக்கொள்ளும். மருந்துக் கடைகளிலும் நடைபாதையிலும் கிடைக்கும் ஆயத்தக் கண்ணாடிகளில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும், உருளைப் பவர் இருக்காது. கண்கள் இரண்டும் ஒத்திருப்பவர்களுக்கு அது ஒரு மலிவான முன்னோட்டம், ஒத்திராதவர்களுக்குத் தலைவலி.

கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்தக் கணக்குதான், இன்னும் துல்லியமாகவே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் உள்விழி லென்ஸ்களைக் குறைந்த விலையில் தயாரித்து வருவதால், லென்ஸ் வைத்துக்கொண்ட கண்ணோடு வாழ்பவர்கள் நம்மிடையே ஏராளம். ஒற்றைக் குவியமுள்ள அந்த லென்ஸ் தன் வளைவை மாற்றுவதே இல்லை. ஆகவே, தூரத்துக்கு அமைத்து வைத்திருந்தால், அருகிலுள்ள எதற்கும் முழுப் பவரையும் வெளியிலிருந்துதான் தந்தாக வேண்டும். அவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. மஞ்சளித்த பழைய லென்ஸ் போய்விட்டதால் நீலமும் ஊதாவும் அவர்களுக்கு மீண்டும் பளிச்சென்று தெரியும். அறுவைக்கு முன் தாங்கள் தீட்டிய நீலச் சட்டைகளைப் பார்த்து, இவ்வளவு அழுத்தமாகவா போட்டோம் என்று வியப்பார்கள்.

அடுத்தது விளக்கு. வெளிச்சம் தூரத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைகிறது. பொம்மைக்கு 60 செ.மீ. மேலே இருக்கும் சிறு விளக்கை 30 செ.மீ.க்கு இறக்கினால் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கூரையில் எரியும் வெள்ளை எல்இடி பல்புகள் பலவற்றின் சிஆர்ஐ எண் (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குத் தரும் மதிப்பெண்) 80ஐ ஒட்டியே இருப்பதால், மனித முகத்துக்கான சிவப்பும் பழுப்பும் கலந்த நிறங்கள் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். 90க்கு மேல் சிஆர்ஐ உள்ள, பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வினை ஒட்டிய இரண்டு விளக்குகளை இடமும் வலமும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே அளவு வெளிச்சத்தில் வைக்காமல் ஒன்றைச் சற்றுத் தள்ளி வைத்தால், மூக்கின் நிழல் கன்னத்தில் மெல்லியதாக விழும். செதுக்கல் எங்கே முடிகிறது, கண்குழி எங்கே தொடங்குகிறது என்பதை நமக்குக் காட்டுவது அந்த நிழல்தான். நல்ல விளக்கின் கீழ் கண்மணி மேலும் சுருங்கும். அதனால் குவியத்தின் ஆழம், அதாவது ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் முன்பின் தூரம், கூடி, கண்ணாடி மட்டுமே போட்ட பார்வையும் ஒரு படி கூர்மையாகும். விளக்கை மாற்றிய பிறகு, வாங்க நினைத்திருந்த உருப்பெருக்கி தேவையில்லை என்று சிலர் உணரக்கூடும்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால்தான் தலையில் மாட்டும் கருவிகளுக்கு வர வேண்டும். இணையக் கடைகளில் பல பெயர்களில், ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போல் விற்கப்படும் பிளாஸ்டிக் தலைப்பட்டை ஒன்று உண்டு. 1, 1.5, 2, 2.5, 3.5 மடங்கு என்று குறித்த ஐந்து லென்ஸ் பட்டைகள், நெற்றியில் ஒரு சிறு எல்இடி, மூக்கில் மாட்டக் காதுக் கம்பிகள், விளையாட்டு வீரர் கட்டுவது போன்ற ஒரு நாடா ஆகியவை அந்தப் பெட்டியில் இருக்கும். விலைக்கு இது மோசமில்லை. எந்தத் தூரம் தனக்கு ஒத்துவரும் என்று தெரியாதவர் அதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி கிடையாது என்பதால், முதல் கருவியாக இதைப் பரிந்துரைக்கத் தயங்க மாட்டேன். குறைகளும் விலைக்கு ஏற்றவையே. லென்ஸ்கள் அக்ரிலிக் ஆனதால் எளிதில் கீறல் விழுகிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்னேற்றத்தால் இன்னும் கொஞ்சம் தூசியை இழுத்துக்கொள்கிறது. ஓரங்களில் நேர்க்கோடுகள் வளைகின்றன. நெற்றி விளக்கைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருக்கிறேன்: பார்வை போகும் திசையிலேயே வெளிச்சமும் போவதால், ஈரமான வண்ணத்தின் மீது பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது, உலோக நிறங்களைத் தீட்டும்போது வெள்ளைப் புள்ளி ஒன்றைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. ஐந்தில் 1.5ம் 2ம் மட்டுமே நாள்தோறும் பயன்படுகின்றன. 3.5 மடங்குப் பட்டையை மாட்டினால் பொம்மை மூக்கருகே வந்துவிடுகிறது.

இந்த வகையில் உலகெங்கும் உருவங்களுக்கு வண்ணம் தீட்டுபவர்களும் நகைத் தொழிலாளர்களும் அளவுகோலாகக் கொள்வது ஆப்டிவைசரை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லெனெக்சா நகரிலுள்ள டானெகன் ஆப்டிகல் நிறுவனம் தயாரிப்பது இது. தலையைச் சுற்றி ஒரு பட்டை, முன்னால் தூக்கி இறக்கக்கூடிய ஒரு மறைப்பு, அதற்குள் தேய்த்து மெருகிட்ட கண்ணாடி லென்ஸ் தகடு; அவ்வளவுதான் கருவி. தகடுகளை எண்ணால் குறிக்கிறார்கள். டிஏ-3 என்பது 1.75 மடங்கு, அதன் குவியத் தூரம் 14 அங்குலம். டிஏ-4 என்றால் 2 மடங்கு, 10 அங்குலம். டிஏ-5 என்றால் 2.5 மடங்கு, 8 அங்குலம். அதற்கு மேல் 6 அங்குலத்துக்கு டிஏ-7, 4 அங்குலத்துக்கு டிஏ-10 என்று போகிறது. மடங்கோடு தூரத்தையும் வெளிப்படையாகச் சேர்த்துச் சொல்வதாலேயே இந்தப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். லென்ஸ்கள் பட்டகத் (பிரிசம்) தன்மையோடு தேய்க்கப்பட்டிருப்பது இதன் இன்னொரு சிறப்பு. ஒரு சாண் தூரத்தில் இருப்பதைப் பார்க்க இரு கண்களும் மூக்கை நோக்கி நன்றாகத் திரும்ப வேண்டும். நீண்ட நேரம் அப்படித் திருப்பி வைத்திருப்பதுதான் பலருக்கு வரும் தலைவலிக்குக் காரணம். பட்டகம் ஒளியை வளைத்துக் கொடுப்பதால் அந்தத் திருப்பம் குறைகிறது. பிளாஸ்டிக் பட்டையிலிருந்து இதற்கு மாறும்போது முதலில் உணர்வது கூர்மையைவிட இந்த இளைப்பாறல்தான்.

எந்தத் தகடு என்று கேட்டால், 28 மி.மீ. உருவங்களுக்கு டிஏ-3 அல்லது டிஏ-4 என்பேன். கண்ணையும் பதக்கங்களையும் மட்டும் தீட்டும்போது டிஏ-5. அதற்கு மேல் போவதில் எனக்கு உடன்பாடில்லை. டிஏ-7இன் 15 செ.மீ. தூரத்தில் பிரஷ் பிடிப்பதே சிக்கலாகிவிடும்: கைப்பிடியின் நுனி மறைப்பில் இடிக்கிறது, அதைத் தவிர்க்கப் பிரஷைச் சாய்த்தால் முடியின் நுனிக்குப் பதிலாக வயிற்றுப் பகுதி பொம்மையில் படுகிறது. குவியத்தின் ஆழமும் குறைந்து, மூக்கு நுனி தெளிவாக இருக்கும்போது காது மங்குகிறது. கண்ணாடி அணிந்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூரப் பார்வைக் கண்ணாடிக்கு மேல் இதை மாட்டினால் குறித்த தூரம் அப்படியே கிடைக்கும், +2.5 படிக்கும் கண்ணாடிக்கு மேல் டிஏ-4ஐ மாட்டினால் பவர்கள் கூடி, 25 செ.மீ. சுமார் 15 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். லென்ஸ் சரியில்லை என்று திருப்பி அனுப்புபவர்களில் சிலருடைய சிக்கல் இந்தக் கூட்டல்தான் என்று நினைக்கிறேன். இறக்குமதிப் பொருள் என்பதால் நம் ஊரில் விலை பிளாஸ்டிக் பட்டையைப்போல் பல மடங்கு. விளக்கும் தனியாகத்தான் வாங்க வேண்டும். தோல் பட்டை உள்ள எந்தக் கருவியானாலும் மழைக்காலத்தில் அதை அலமாரிக்குள் பூட்டி வைக்காமல் காற்றாட வைக்க வேண்டும், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். சித்திரை வைகாசியில் நெற்றி வியர்வைக்கு ஒரு பருத்திக் கைக்குட்டையை உள்ளே மடித்து வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கண்ணைத் தீட்டும்போது நடப்பதைச் சொன்னால் இந்தத் தூரங்களின் பொருள் விளங்கும். பொம்மை செய்பவர்கள் கண்ணைக் கடைசியில் திறப்பதே நம் வழக்கம். 28 மி.மீ. உருவங்களில் பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முகத்தில் முதல் வேலையாகக் கண்ணை முடித்துவிட்டு, பிசகிய இடங்களைத் தோல் நிறத்தால் சுற்றிலும் வெட்டிச் சரிசெய்கிறார்கள். கண்குழியில் அடர் பழுப்பு, அதன் நடுவே ஒரு வெள்ளைக் கோடு, வெள்ளையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கருங்கோடு, பிறகு மேல் கீழ் இமைகளைத் தோல் நிறத்தால் ஒடுக்குதல். டிஏ-5 அணிந்து பார்க்கும்போது அந்தக் கருங்கோடு வெள்ளையின் நடுவில் விழுகிறதா, அரை முடி அகலம் மூக்குப் பக்கம் சாய்ந்து உருவம் மாறுகண்ணாகிறதா என்பது போடும்போதே தெரிகிறது. வெறும் படிக்கும் கண்ணாடியோடு பார்த்தால் போட்டு முடித்துத் தூர வைத்த பிறகுதான் தெரியும். பிரஷின் முனையில் ஒரு முடி பிரிந்து நிற்பதும் லென்ஸில்தான் அகப்படும். மிகச் சிறிய 000 பிரஷுக்கு ஓடுவதைவிட, வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7 போன்ற கோலின்ஸ்கி முடியிலான, முனை கூரான 1ஆம் எண் பிரஷ் இந்த இடத்தில் அதிகம் உதவும். சிறிய பிரஷ் ஏந்தும் துளி அக்ரிலிக், கண்ணை எட்டும் முன்பே முனையில் காய்ந்துவிடுகிறது.

மேசை விளிம்பில் கவ்வி நிற்கும், வட்ட விளக்குடன் கூடிய உருப்பெருக்கிக்கு ஐந்து அங்குல லென்ஸ் வழக்கம். 3 டயாப்டரை 1.75 மடங்கு என்றும் 5 டயாப்டரை 2.25 மடங்கு என்றும் விற்கிறார்கள், முன்பு சொன்ன அதே கணக்கில். தலையில் எதையும் மாட்டப் பிடிக்காதவர்களுக்கும், தலைப்பட்டை மாட்டினால் ஒற்றைத்தலைவலி வருபவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் கை லென்ஸுக்குக் கீழே, முகம் மேலே, லென்ஸோ நடுவில் அசையாமல் நிற்கிறது. பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் லென்ஸின் நடுப்பகுதியைத் தேடிப் போக வேண்டியிருக்கும். ஓரத்தில் பார்த்தால் முகம் நெளிகிறது. வட்ட விளக்கு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளி வீசுவதால் நிழலே விழாது, செதுக்கல் தட்டையாகத் தெரியும். வட்டத்தில் பாதியை மட்டும் எரியவிடும் வசதி உள்ளதைத் தேடி வாங்குவது நல்லது, கிடைக்காவிட்டால் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மறைக்கலாம். ஸ்பிரிங் கை தளர்ந்த மாதிரிகளில் மேசையைத் தொட்டாலே லென்ஸ் ஆடும். ஜன்னலோரம் மேசை போட்டிருப்பவர்கள் வேலை முடிந்ததும் மூடி போடாமல் எழுந்து போகக் கூடாது. வெயில் அந்த லென்ஸ் வழியே குவிந்தால் காகிதமும் மரமும் கருகும், தீயே பிடிக்கலாம்.

பணம் ஒரு பொருட்டில்லை என்றால், அல்லது கழுத்துவலி ஏற்கெனவே இருந்தால், பல் மருத்துவர்கள் அணியும் லூப் பக்கம் போகலாம். இதில் கண்ணுக்கு முன்னால் ஒற்றை லென்ஸுக்குப் பதிலாக, கலீலியோவின் தொலைநோக்கியைப் போல முன்னே குவிலென்ஸும் பின்னே குழிலென்ஸும் கொண்ட ஒரு சிறு குழல் இருக்கும். இங்கேதான் மடங்கு எண் வேறு பொருள் கொள்கிறது. 42 செ.மீ. தூரத்துக்கு அமைத்த 2.5 மடங்கு லூப், அந்த 42 செ.மீ.யிலேயே நீங்கள் பார்ப்பதை 2.5 மடங்காக்கிக் காட்டும். அதாவது 17 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கும் அளவு. அதே 2.5 எண் போட்ட டிஏ-5 தருவது 20 செ.மீ.யில் பார்க்கும் அளவு மட்டுமே, அதுவும் பொம்மையை உண்மையிலேயே 20 செ.மீ.க்குக் கொண்டுவந்த பிறகு. லூப் அணிந்தவர் முதுகை நிமிர்த்தி உட்காரலாம், பிரஷுக்குத் தாராளமாக இடம் இருக்கும், விளக்கின் ஒளியைத் தலை மறைக்காது. ஈடாகப் பார்வைப் புலம் உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கிவிடும். வண்ணத் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் பார்க்கக் குழலுக்கு வெளியே கண்ணை ஓட்ட வேண்டும். இரு குழல்களுக்கும் இடையிலான தூரம் உங்கள் கண்மணிகளின் இடைவெளியோடு மில்லிமீட்டர் கணக்கில் பொருந்தாவிட்டால் இரண்டு வட்டங்கள் தெரியும். பலர் இதைச் சரிசெய்யாமலே கைவிடுகிறார்கள். எடை முழுவதும் மூக்கில் இறங்குவதால் பின்புற நாடாவை இழுத்துக் கட்டியே அணிய வேண்டும்.

இதே தத்துவத்தில், மருத்துவ லூப்பைவிட எளிய வடிவில், ஜெர்மனியின் எஷன்பாக் நிறுவனம் மேக்ஸ்டீடெய்ல் என்ற கண்ணாடியை விற்கிறது. 2 மடங்கு, ஏறத்தாழ 40 செ.மீ. வேலைத் தூரம், ஒவ்வொரு கண்ணுக்கும் பிளஸ் அல்லது மைனஸ் 3 டயாப்டர் வரை தனித்தனியே திருகிச் சரிசெய்துகொள்ளலாம். இடது வலது கண்களின் பவர் வேறுபடுகிறவர்களுக்கு, தலைப்பட்டைகள் எதிலும் கிடைக்காத வசதி இது. பெரிதாகிக் கிடைக்கும் அளவு டிஏ-5க்குச் சமம், தூரமோ இரட்டிப்பு. இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், வாழ்நாள் முழுவதும் குனிந்து வேலை செய்து கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கு இதைச் சொல்வேன். கழுத்து நன்றாக இருப்பவர்களுக்கு ஆப்டிவைசரும் டிஏ-4ம்.

கைபேசி பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் 7 முதல் 45 மடங்கு வரையிலான, இரு கண்ணாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. பாதியாக்கும் துணை லென்ஸை அடியில் பொருத்தினால் தொடக்கம் 3.5 மடங்குக்கு இறங்கும், கைக்கு 16, 17 செ.மீ. இடமும் கிடைக்கும், பதக்கத்தில் எழுத்து எழுதுவது போன்ற அபூர்வ வேலைகளுக்குச் சரி. அந்தப் பெருக்கத்தில் எல்லாருக்கும் இயல்பாக உள்ள கைநடுக்கமும் பெரிதாகித் தெரிவதால், சாதாரண வேலைக்கு மனம் சோர்ந்துபோகும். யுஎஸ்பி வழியாகத் திரையில் காட்டும் டிஜிட்டல் நுண்ணோக்கியோ வண்ணம் தீட்டுவதற்கு உதவாது: ஒற்றைக் கேமரா ஆழத்தைக் காட்டாது, படம் ஒரு நொடிப் பின்னமாவது தாமதித்தே வரும், பிரஷின் முனை முகத்தைத் தொட்டுவிட்டதா இல்லையா என்பது தொட்ட பிறகுதான் தெரியும். முடித்த வேலையைச் சரிபார்க்க அது வேண்டுமானால், சட்டைப் பையில் இருக்கும் கைபேசியின் கேமராவே போதும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் ஒற்றைக் கண்ணில் பொருத்திக்கொள்ளும் லென்ஸையும் அதே காரணத்துக்காக ஒதுக்குகிறேன். ஒரு கண்ணால் பார்த்துப் பிரஷின் ஆழத்தைக் கணிப்பது எளிதன்று.

வாங்குவதைப் பொறுத்தவரை, அணிந்து பார்க்காமல் வாங்குவது வீண். சென்னையில் சௌகார்பேட்டைப் பக்கத்து நகைப் பட்டறைக் கருவிக் கடைகளிலும் ரிச்சி தெருவில் கைபேசிப் பழுதுக் கருவிகள் விற்கும் கடைகளிலும் தலைப்பட்டைகளையும் விளக்கு உருப்பெருக்கிகளையும் கையில் எடுத்துப் பார்க்க முடியும். பிற ஊர்களிலும் நகைத் தொழிலாளர்கள் கருவி வாங்கும் தெருவைத் தேடிப் போவதே நல்லது. போகும்போது வழக்கமாக அணியும் கண்ணாடி, பாதி தீட்டிய ஒரு பொம்மை, தண்ணீர் தொடாத ஒரு பிரஷ், ஒரு டேப், ஊதா நிறப் புதிய 100 ரூபாய்த் தாள் ஒன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாளில் நுண்ணெழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. லென்ஸின் நடுவில் அவை எவ்வளவு கூர்மையாகத் தெரிகின்றன, பட்டையின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் எந்த இடத்தில் கலங்கத் தொடங்குகின்றன, எழுத்தைச் சுற்றி வானவில் போன்ற நிறக் கசிவு வருகிறதா என்று பார்த்தால் லென்ஸின் தரம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு கடையின் மேசையில் முழங்கையை ஊன்றி, பொம்மையையும் பிரஷையும் பிடித்து, முகம் தெளியும் தூரத்தை டேப்பால் அளந்து, அது வீட்டில் அளந்த எண்ணுக்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் ‘10 மடங்கு இருக்கிறது சார், அதைக் காட்டட்டுமா’ என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையிலிருப்பதையே அணிந்தபடி பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். கண் இழுக்கிறதா, நெற்றி அழுந்துகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.